உன் பங்குக் கரை

மே 6

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். நீயும் உன் மனைவியும் பாப்பாவும் நலம்தானே? இங்கே அம்மாவுக்கு முழங்கால் வலியைத் தவிர வேறு குறை ஒன்றும் இல்லை. குறை சொல்வதில் மட்டும் எந்தக் குறைவும் இல்லை.

இந்தக் காலத்தில் கடிதமா என்று நீ சிரிப்பாய். போன பெரிய காற்றில் சாய்ந்த செல்போன் கோபுரத்தை இன்றுவரை யாரும் வந்து நிமிர்த்தவில்லை. ரோட்டு மேட்டில் ஏறி நின்றால் கொஞ்சம் சிக்னல் கிடைக்கிறது. அங்கே எப்போதும் பத்துப் பேர் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். நம் வீட்டு விஷயத்தை அவ்வளவு பேருக்கும் ஒலிபரப்ப எனக்கு விருப்பமில்லை. தபால்காரர் இன்னும் வருகிறார். செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வருகிறார்.

ஏனென்றால் தெருவில் தண்ணீர். நீ இருந்த காலத்தில் கடல் ஏற்றம் வந்தால் வாசலோடு நிற்கும். இப்போது அது வீட்டுக்குள் நடந்து பழகிவிட்டது. மருந்தகத்துக் கிடங்கில் கீழ்த்தட்டுப் பெட்டிகள் எல்லாம் நனைந்து போயின. நான் இப்போது கொடுக்கும் மருந்தில் பாதி, கால் விரலிடுக்குப் புண்ணுக்குப் போடும் களிம்புதான். பணக்காரன், ஏழை, பேச்சுவார்த்தை உள்ளவன், இல்லாதவன் எல்லாருக்கும் ஒரே புண். ஊர் ஒற்றுமை என்று இதைத்தான் சொல்ல வேண்டும்.

கரையோரத் துறைக்கு எத்தனை முறை எழுதினோம் என்று உனக்குத் தெரியும். போன மாதம் மூன்று பேராக நேரில் போனோம். அங்கே சுவரில் பெரிய வரைபடம் மாட்டியிருந்தார்கள். அதில் நம் தெரு எங்கே என்று தேடினேன். நம் தெரு இருக்க வேண்டிய இடம் நீல நிறத்தில் இருந்தது. நான் பெருக்கித் துடைத்துவிட்டு வந்த வீடு, அவர்கள் கணக்கில் கடல். அந்த அதிகாரிக்கு என்னைப் பார்க்கவே கொஞ்சம் சங்கடமாக இருந்திருக்க வேண்டும், மூழ்கினவள் எழுந்து வந்து நாற்காலியில் உட்கார்ந்த மாதிரி.

ஆகவே நாங்களே மண்கரை போடுகிறோம். படகுத்துறை கல்மேடையில் தொடங்கி, வீடுகளின் கடற்பக்க முற்றத்தை ஒட்டியே வந்து, ரோட்டு மேட்டில் போய்ச் சேர வேண்டும். ஒவ்வொரு வீடும் தன் மனையின் அகலத்துக்குத் தன் பங்கைப் போட வேண்டும் என்று முடிவு. நான் தனி ஆள், கல்யாணம் ஆகாதவள் என்பதற்காக யாரும் என் பங்கைக் குறைக்கவில்லை. எனக்கும் அதில் மகிழ்ச்சிதான், முதுகுக்குத்தான் இல்லை.

ரோட்டை ஒட்டிய கடைசி மனை உன்னுடையது. உன் பங்கு சேர்ந்தால்தான் கரை மேட்டோடு முடியும். படகு மெக்கானிக் "உங்க தம்பி பங்கையும் நாங்களே போட்டுடறோம்" என்றார். அம்மா விடவில்லை. "என் மகன் பங்கை ஊர்க்காரங்க போட்டா, அவனுக்கு வக்கில்லன்னு ஆகிடும். அவன் வருவான். வந்து போடுவான்" என்று சொல்லிவிட்டாள். அப்பா நம் இருவருக்கும் பாதிப் பாதியாகப் பிரித்துக் கொடுத்த வீட்டில் நடுக்கதவு வழியாகப் போய் உன் பாதியில் தூங்குகிறாள், வந்து என் பாதியில் சாப்பிடுகிறாள். கேட்டால், "மகன் வீட்ல இருக்கேன், மகள் வீட்ல சாப்பிடறேன், ரெண்டு பேருக்கும் கெட்ட பேர் இல்ல பாரு" என்கிறாள். ஆனால் பேச்சில் எப்போதும் உன் பக்கம்தான்.

ஒரு வாரம் லீவு போட்டு வா. மண் சுமக்க வேண்டாம், நின்றால் போதும். உன்னைப் பார்த்தாலே அம்மாவின் முழங்கால் பாதி சரியாகிவிடும்.

உன் அன்பு அக்கா

*

மே 17

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தை ஆபீஸில் வைத்துப் படித்தேன். பக்கத்து மேஜைக்காரன் "யாருப்பா இந்தக் காலத்துல லெட்டர் போடறது, காதலியா?" என்றான். அக்கா என்றதும் "அப்ப திட்டுதான் இருக்கும்" என்றான். அவனுக்கும் அக்கா உண்டு.

இங்கே எல்லாரும் நலம். பாப்பா நீச்சல் வகுப்புக்குப் போகிறாள். நான் வரக்கூடாது என்று இல்லை அக்கா. இந்த மாதம் மூன்று புதுக் கட்டடங்களுக்கு லிஃப்ட் ஏற்றுகிறோம். பழைய கட்டடங்களில் யாராவது நடுவில் மாட்டிக்கொண்டே இருக்கிறார்கள். போன வாரம் மூன்று மணி நேரம் மாட்டிக்கொண்ட ஒரு பெரியவர், வெளியே வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். இந்த வேலையில் லீவு என்ற சொல்லே கிடையாது.

என் பங்குக்குக் கூலிக்கு ஆள் வைத்துப் போட்டுவிடு. செலவு என்னுடையது. அம்மாவிடம் நான் சொன்னதாகச் சொல்.

ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. மண்ணைக் குவித்துக் கடலை எத்தனை நாள் தடுப்பீர்கள்? படித்தவள் நீ. அம்மாவையும் கூட்டிக்கொண்டு நீ இங்கே வருவதைப் பற்றி யோசி. இங்கேயும் மருந்துக்கடைகள் இருக்கின்றன.

பாப்பா உனக்கு முத்தம் அனுப்புகிறாள்.

அன்புத் தம்பி

*

ஜூன் 4

அன்புள்ள தம்பிக்கு,

படித்தவள் நீ என்று எழுதியிருந்தாய். படித்ததனால்தான் கரை போடுகிறேன். தடுக்க முடியுமா என்று கேட்பவர்கள் எல்லாரும் மேட்டில் உட்கார்ந்துதான் கேட்கிறார்கள்.

கூலி ஆளைப் பற்றி அம்மாவிடம் சொன்னேன். "அவன் கல்யாணத்துக்கும் கூலிக்கு ஆள் வச்சா உக்கார வச்சோம்?" என்றாள். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

கரையைப் பற்றிக் கேள். பின்பக்கக் குட்டையில் தண்ணீரை வடித்துவிட்டு, அடியில் இருக்கும் களிமண்ணை வெட்டிக் கூடையில் சுமக்கிறோம். ஒரு சாண் உயரத்துக்குப் பரப்பி, லேசாகத் தண்ணீர் தெளித்து, திமிசுக்கட்டையால் இடிக்க வேண்டும். குதிகாலை ஊன்றினாலும் பதியாத அளவுக்கு இடித்த பிறகுதான் அடுத்த அடுக்கு. அவசரப்பட்டு ஒரேயடியாகக் குவித்தால் முதல் ஏற்றத்திலேயே பாயசம் மாதிரி இளகிவிடும். வெளிச்சரிவில் புல் பத்தைகளைப் பதிக்கிறோம். என் உள்ளங்கையை இப்போது நீ பார்த்தால் மருந்து கொடுக்கும் கை என்று சொல்லமாட்டாய்.

போன வாரம் ஒரு சின்ன ஏற்றம் வந்தது. உன் மனை ரோட்டை ஒட்டிக் கொஞ்சம் மேடு என்பதால் அங்கே தண்ணீர் ஏறவில்லை. ஆனால் கரை முழுவதும் நன்றாக நிற்க, தையல்காரர் பங்கும் மெக்கானிக் பங்கும் சேரும் இடத்தில் மட்டும் குழாய் திறந்த மாதிரி கொட்டியது. அவர்கள் இரண்டு பேருக்கும் ஒரு நாய் விஷயமாகப் பல வருஷமாகப் பேச்சில்லை. நாய்கூடச் செத்துவிட்டது. அவரவர் தன் எல்லை வரை பாறை மாதிரி இடித்திருக்கிறார்கள். நடுவில் ஒரு விரற்கடை இடத்தை, அது உன்னுடையது என்று இரண்டு பேரும் விட்டிருக்கிறார்கள். பிறகு பார்த்தால் எல்லா வீட்டு எல்லையிலும் அதே கதைதான். பங்கு பிரிக்கத் தெரிந்த எங்களுக்கு, பிரித்ததைச் சேர்க்க வேண்டும் என்று தோன்றவில்லை.

இப்போது புது விதி. ஒவ்வொரு வீடும் அடுத்த வீட்டுப் பங்குக்குள் ஒரு முழம் போய் இடிக்க வேண்டும். அவர்களும் நம் பங்குக்குள் ஒரு முழம் வர வேண்டும். பின்னல் போடுவதுபோல் அடுக்கு மாற்றி அடுக்கு. தையல்காரரும் மெக்கானிக்கும் எதிரெதிரே நின்று இடித்ததை நீ பார்த்திருக்க வேண்டும்.

"உங்க திமிசு என் கால்ல விழுது."

"கால எடுங்க. உங்க பக்கம்தான் மண்ணு கம்மி."

"என் பக்கம் கம்மியா? அளந்து பாக்கறதுக்கு நான்தான் டேப் வச்சிருக்கேன்."

பேச்சு தொடங்கிவிட்டது. இனி நிறுத்தத்தான் முடியவில்லை.

உன் இடம் மட்டும் திறந்தே கிடக்கிறது. பல் விழுந்த வாய் மாதிரி இருக்கிறது என்று மெக்கானிக் கேலி செய்கிறார். அதை நான் பொறுத்துக்கொண்டேன். இனி எழுதப்போவதைத்தான் பொறுக்க முடியவில்லை.

நேற்றுத் துறை லாரி ஒன்று வந்தது. இரண்டு ஆட்கள் இறங்கி, மஞ்சள் பூசிய சிமெண்ட் தூண்களை உன் மனையின் நான்கு மூலையிலும் நட்டார்கள். நான் மருந்தகத்தில் இருந்தேன். அம்மா அவர்களுக்குக் குடிக்கத் தண்ணீர் கொடுத்திருக்கிறாள். "நேரா நடுங்கப்பா, என் மகன் இடம்" என்று மேற்பார்வை வேறு செய்திருக்கிறாள். நான் வந்து கேட்டபோது அதில் ஒருவன் சொன்னான்: "உரிமையாளர் எங்ககிட்ட ஒப்படைச்சுட்டாரும்மா. இனிமே இதுல யாரும் எதுவும் கட்டக்கூடாது."

எந்த உரிமையாளர் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் அம்மாவின் காதில் விழும்.

கரைக்கு அளவுத்தூண் நட்டிருக்கிறார்கள் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டேன். உனக்காக நான் சொன்ன பொய் அது. மகிழ்ச்சிப்பட்டாள். "பாத்தியா, என் மகன் இடத்துக்கு மட்டும் துறையே வந்து அளக்குது" என்றாள்.

தம்பி, அது அம்மா படுத்துத் தூங்கும் அறை. நீ கொடுத்தாயா? கொடுத்தாய் என்றால் அதை நீ வந்து அவள் முகத்தைப் பார்த்துச் சொல். நான் சொல்லமாட்டேன்.

அக்கா

*

ஜூன் 13

அக்கா,

ஆமாம். கொடுத்தேன். பிப்ரவரியில் துறையிலிருந்து என்னை அழைத்தார்கள். ஊரைக் காப்பாற்றும் திட்டமே கிடையாது, இப்போது ஒப்படைப்பவர்களுக்கு மாற்று இடம் உண்டு, பிறகு வருபவர்களுக்கு எதுவும் இல்லை என்றார்கள். உங்களிடம் கேட்டால் என்ன சொல்வீர்கள் என்று எனக்குத் தெரியும். அதனால் கேட்கவில்லை. அது தவறாக இருக்கலாம். ஆனால் எடுத்த முடிவு தவறு என்று நான் நினைக்கவில்லை.

அந்த மாற்று இடத்தை வைத்து இங்கே ஒரு வீட்டுக்குச் சொல்லியிருக்கிறேன். மூன்றாவது மாடி. அம்மாவுக்குத் தனி அறை, குளியலறை அதன் உள்ளேயே. லிஃப்ட் எங்கள் கம்பெனி லிஃப்ட், நானே சோதித்தது. அவள் முழங்காலுக்கு ஒரு படிகூட ஏற வேண்டாம். நான் அம்மாவின் அறையைப் பறித்ததுபோல் எழுதுகிறாய். தண்ணீர் வராத ஓர் அறையை அவளுக்குத் தேடியவன் நான்.

நான் மாட்டிக்கொண்டவர்களை வெளியே எடுக்கும் வேலை செய்கிறவன். கதவை உள்ளிருந்து இழுத்துப் பிடித்துக்கொண்டு வெளியே வரமாட்டேன் என்பவர்களை இதுவரை பார்த்ததில்லை. நீங்கள் எல்லாரும் அதைத்தான் செய்கிறீர்கள். ஒரு மண்மேட்டின் மேல் உள்ள பிடிவாதத்துக்காக அம்மாவைப் பணயம் வைக்கிறாய் என்று சொன்னால் உனக்குக் கோபம் வரும். வரட்டும்.

அம்மாவிடம் நீ சொல்ல வேண்டாம். நானே வந்து சொல்கிறேன். இந்த மாதக் கடைசியில் கட்டாயம் வருகிறேன். அதுவரை பொறு.

தம்பி

*

ஜூலை 5

தம்பி,

மாதக் கடைசி போய்விட்டது.

நீ எழுதியதை நான் பலமுறை படித்தேன். உன் பக்கம் நியாயமே இல்லை என்று சொல்லமாட்டேன். நீ அம்மாவுக்கு அறை பார்த்திருக்கிறாய், முழங்காலை நினைத்திருக்கிறாய். கரை நிற்குமா என்று எனக்கும் உறுதியாகத் தெரியாது. ஆனால் பிப்ரவரியில் கொடுத்துவிட்டு, மார்ச்சில் நீ இங்கே வந்திருந்தாய். அந்த அறையில் அந்தக் கட்டிலில் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, "காத்து நல்லா வருதும்மா" என்றாய். நான் நடுக்கதவில் நின்று கேட்டேன். அதைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை.

நடந்ததை எழுதுகிறேன். ஆகஸ்ட் நடுவில் இந்த வருஷத்தின் பெரிய ஏற்றம் வருகிறது. அதற்குள் கரை மேட்டைத் தொட வேண்டும். உன்னை எதிர்பார்த்து இனியும் இருக்க முடியாது என்று நான் அம்மாவிடம் பேசினேன். "தம்பி வர லேட்டாகும். நானும் இந்த வீட்டுப் பொண்ணுதானே, அவன் பங்கை நான் போடறேன். ஊர்க்காரங்க எனக்குத்தான் உதவி செய்வாங்க, அவனுக்கு இல்ல" என்றேன். யோசித்துவிட்டு, "சரி, ஆனா வந்ததும் மேல் அடுக்கை அவன்தான் இடிக்கணும்" என்றாள். மேல் அடுக்குக்கு மண் எடுத்துத் தனியாகவும் குவித்து வைத்தாள்.

ஊரே வந்தது. தையல்காரர் தன் இயந்திரத்துக்கு உறை போட்டுவிட்டு வந்தார். மஞ்சள் தூண்களுக்கு நடுவில் இடுப்பு உயரம்வரை ஏற்றிவிட்டோம். துறை என்ன செய்துவிடும் என்ற தைரியம்தான். இத்தனை வருஷத்தில் நாங்கள் கூப்பிட்ட எதற்கும் அவர்கள் வந்ததில்லையே.

இதற்கு வந்தார்கள். மறுநாளே வந்தார்கள். மண் கொண்டுவர ஒரு லாரி கேட்டபோது, அந்த ரோடு பாரம் தாங்காது என்று பதில் போட்ட துறை இது. அந்த ரோட்டில் அதைவிட இரண்டு மடங்கு கனமான மண்வாரி இயந்திரம் உருண்டு வந்தது. கோபுரத்தை நிமிர்த்த வராத கை, கூடையால் சுமந்த மண்ணை வழித்துத் தள்ள வந்தது. நாங்கள் அத்தனை நாள் இடித்தது ஒரு சாப்பாட்டு நேரத்துக்குள் தரைமட்டமாகிவிட்டது. மெக்கானிக் இயந்திரத்தின் முன்னால் போய் நின்றார். ஓட்டுபவன் இறங்கி வந்து, "அண்ணே, எனக்கும் குடும்பம் இருக்கு, தள்ளுங்கண்ணே" என்று கெஞ்சினான். அவனை என்ன செய்ய முடியும்?

அம்மா ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு வெளியே வந்து மேற்பார்வையாளரிடம் நேராகப் போனாள்.

"ஏம்பா, இது என் மகன் இடம். அவன் இல்லாதப்ப எப்படித் தொடுவீங்க?"

"உங்க மகன்தாம்மா குடுத்தாரு."

"எதை?"

"இடத்தை. வீட்டோட. உங்ககிட்ட சொல்லலியா?"

அந்த ஆள் கெட்டவன் இல்லை. சொன்ன பிறகு அவனுக்கே முகம் மாறிவிட்டது. என்னைத் திரும்பிப் பார்த்தான். ஊர் முழுக்க என்னைப் பார்த்தது. அம்மா மட்டும் என்னைப் பார்க்கவில்லை.

"சொன்னான், சொன்னான். நான்தான் மறந்துட்டேன்" என்றாள்.

அத்தனை பேர் முன்னால் உன் மானத்தைக் காப்பாற்றினாள், தம்பி. உனக்கு வக்கில்லை என்று ஆகிவிடக்கூடாது என்று. நீ வந்து சொல்லியிருந்தால், அழுதிருப்பாள், திட்டியிருப்பாள், உன் மேல் எதையாவது எறிந்திருப்பாள். பிறகு சாப்பாடு போட்டிருப்பாள். அது எதற்கும் நீ வழி வைக்கவில்லை. மண்வாரிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு ஓர் அந்நியனிடமிருந்து தெரிந்துகொள்ள விட்டாய்.

மூன்றாம் நாள் ஊர்க்காரர்கள் நம் வாசலில் கூடினார்கள். துறை போன பிறகு மறுபடியும் உன் மனையில் போடலாம், அவர்கள் இடிக்க இடிக்கப் போடலாம் என்றார் மெக்கானிக். எல்லாரும் சரி என்றார்கள். அம்மா நடுக்கதவில் வந்து நின்றாள்.

"வேண்டாம். அவன் குடுத்துட்டான். குடுத்த இடத்துல நாம கை வைக்கக்கூடாது."

"அப்ப கரை எங்கம்மா போறது?" என்றார் தையல்காரர்.

அம்மா தான் நின்றுகொண்டிருந்த இடத்தைக் காலால் தட்டிக் காட்டினாள். "இங்க."

புரிகிறதா? என் மனை எல்லையில் கரையைத் திருப்பி, நடுச்சுவரை ஒட்டியே பின்னால் கொண்டுபோய், வீடுகளுக்குப் பின்புறம் வளைந்து வரும் ரோட்டு மேட்டில் சேர்ப்பது. கரையின் அடி அகலத்துக்கு என் பக்கத்துச் சமையலறையும் புத்தக அறையும் போகும். நடுக்கதவு மண்ணுக்குள் போகும். உன் பாதி வெளியே, கடல் பக்கம் நிற்கும்.

நான் என் இரண்டு அறைகளைக் கொடுக்கிறேன் என்று சொல்லிவிட்டேன். என்னிடம் முதலில் கேட்டார்கள் என்பதை நீ கவனிக்க வேண்டும்.

வேலை நாளை தொடங்குகிறது.

அக்கா

*

ஜூலை 14

அக்கா,

கடிதம் கிடைத்ததிலிருந்து தூக்கமில்லை. மூன்று நாளாக உன் எண்ணுக்கு அடித்துக்கொண்டே இருக்கிறேன். வருகிற ஞாயிறு காலையில் அம்மாவை ரோட்டு மேட்டுக்குக் கூட்டி வா. நான் பேசுகிறேன். எல்லாவற்றையும் சொல்கிறேன்.

ஆகஸ்ட் முதல் வாரம் காரோடு வருகிறேன். அம்மாவின் சாமான்களைக் கட்டி வை.

தயவுசெய்து நடுச்சுவரைத் தொடாதே. அந்தக் கதவு அப்பா நமக்காக வைத்தது. அதை மூட உனக்கு மட்டும் உரிமை கிடையாது. நான் வரும்வரை அதை அப்படியே விட்டு வை.

தம்பி

*

ஆகஸ்ட் 24

தம்பி,

அந்த ஞாயிறு அம்மாவைச் சைக்கிளில் உட்காரவைத்து, தள்ளிக்கொண்டே மேட்டுக்குப் போனேன். நீ போன் செய்தாய். நான் விலகி நின்றுகொண்டேன். ரொம்ப நேரம் பேசினீர்கள். திரும்பி வரும் வழியில் என்ன சொன்னான் என்று கேட்டேன்.

"முழங்கால் எப்படி இருக்குன்னு கேட்டான்."

"வேற?"

"பாப்பா நீந்தறாளாம்."

"வேற ஒண்ணும் சொல்லலியா?"

"சிக்னல் சரியில்ல" என்றாள் அம்மா.

ஆகஸ்ட் முதல் வாரமும் வந்தது. அம்மா சாமான் எதையும் கட்டவில்லை. ஆனால் மேட்டுப் பக்கம் கார் சத்தம் கேட்டால் கூடையை இறக்கி வைத்துவிட்டுப் பார்த்தாள். நீ வராததற்குக் காரணம் ஏதாவது இருக்கும். யாராவது எங்கேயாவது மாட்டிக்கொண்டிருப்பார்கள். எனக்கு எழுத வேண்டாம்.

உன் கடிதம் வந்த அன்று நாங்கள் கதவுவரை வந்திருக்கவில்லை. உண்மையில், அந்த இடத்தை நான் கடைசியாக வைத்திருந்தேன். சமையலறையை இடித்தபோதுகூட எனக்கு ஒன்றும் ஆகவில்லை. அடுப்பு இப்போது முன்னறையில் இருக்கிறது. புத்தகங்கள் மருந்தகத்தின் மேல்தட்டில், இருமல் மருந்துக்குப் பக்கத்தில் இருக்கின்றன. கதவுக்கு வந்தபோதுதான் கை ஓடவில்லை. உரிமை என்று நீ எழுதியதும் நினைவுக்கு வந்தது. கதவின் ஒரு பக்கத்தைத் துறைக்குக் கொடுத்துவிட்டு, மறுபக்கத்தைத் தொடாதே என்று எனக்குச் சொல்ல உனக்கு எப்படிக் கை வந்தது என்றும் நினைத்தேன். அந்தக் கோபத்தில் கை ஓடியது.

அம்மா தன் கட்டிலையும் தகரப் பெட்டியையும் அப்பா படத்தையும் எடுத்துக்கொண்டு கதவு வழியாக இந்தப் பக்கம் வந்தாள். ஒருமுறை திரும்பிப் போய் அறையைப் பெருக்கிவிட்டு வந்தாள். "அடுத்தவங்க இடம், குப்பையோட விடக்கூடாது." பிறகு மெக்கானிக்கிடம், "கதவைக் கழட்டுப்பா. நல்ல மரம், மண்ணுக்குள்ள போட்டு வீணாக்காதே" என்றாள். அந்தக் கதவுப் பலகை இப்போது கரையின் உட்சரிவில் ஏறுவதற்குச் சாய்த்துப் போட்டிருக்கிறது. வாசற்காலுக்குள் முதல் கூடை மண்ணை அம்மாவே கொட்டினாள். அவள் தனியாகக் குவித்து வைத்திருந்தாளே, நீ இடிக்க வேண்டிய மேல் அடுக்கு மண், அதிலிருந்துதான் அள்ளினாள்.

பெரிய ஏற்றம் சொன்னபடி வந்தது. விடிந்ததும் எல்லாரும் கரைமேல் நின்றோம். வெளியே பார்த்தால் கடல் நம் இடுப்பு உயரத்துக்கு நிற்கிறது. உள்ளே திரும்பினால் தெரு காய்ந்து கிடக்கிறது. அப்படி ஒரு காட்சியை என்னால் விவரிக்க முடியாது. தையல்காரர் தன் பங்குக்கும் மெக்கானிக் பங்குக்கும் நடுவில் குப்புறப் படுத்துக் காதை வைத்துக் கேட்டார். "சத்தமே இல்ல" என்றார். மெக்கானிக், "உங்க பக்கம்தான் கம்மி, என் பக்கத்தைப் பிடிச்சுக்கிட்டுதான் நிக்குது" என்றார்.

கரை நிற்கிறது. அடுத்த வருஷமும் நிற்கும் என்று நான் சொல்லவில்லை. இந்த வருஷம் நின்றது. இந்த வாரம் நான் களிம்பு எடுத்துக் கொடுக்கவே இல்லை.

உன் பாதிக்குள் தண்ணீர் ஜன்னல்வரை ஏறி இறங்கியது. மேற்குச் சுவரில் விரிசல் விட்டிருக்கிறது. அம்மா கரைமேல் நின்று அதைப் பார்த்தாள்.

நேற்று அதே மேற்பார்வையாளர் படம் எடுக்கும் ஆளோடு வந்தார். துறையின் ஆண்டு மலரில் கரையைப் பற்றி இரண்டு பக்கம் போடப்போகிறார்களாம், மக்களோடு சேர்ந்து துறை செய்த பணி என்று. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. நீலமாக வரைந்தவர்கள், மண்வாரி அனுப்பியவர்கள், எங்கள் களிமண்ணின் மேல் பூட்ஸ் காலோடு நின்று சிரிக்க வந்திருக்கிறார்கள். அம்மா அந்த மேற்பார்வையாளரிடம், "வரைபடத்துல எங்க தெருவுக்கு என்ன கலர் அடிச்சிருக்கீங்க இப்ப?" என்று கேட்டாள். அவர் கீழே பார்த்தார். "கலர மாத்திட்டு வாங்க, அப்பறம் படம் எடுங்க" என்றாள். திரும்பிப் போய்விட்டார்கள்.

இந்த உறைக்குள் உன் பாதியின் வாசல் சாவி இருக்கிறது. அம்மா தன் இடுப்பிலிருந்து அவிழ்த்துக் கொடுத்தாள். நம்மிடம் இருக்கக்கூடாது என்றாள். துறையிடம் சேர்த்துவிடு.

கரை திரும்பும் மூலையில், ஊர் விதிப்படி, உன் மனைக்குள் ஒரு முழம் போய் நான் இடித்திருக்கிறேன். அம்மாவுக்குத் தெரியாது. துறைக்காரர்கள் பார்க்கவில்லை, அல்லது பார்த்தும் விட்டுவிட்டார்கள். அந்தப் பக்கத்திலிருந்து வர வேண்டிய ஒரு முழம் வரவில்லை. அதனால் கரை முழுவதிலும் அந்த ஓர் இடத்தில்தான் கொஞ்சம் கசிகிறது. கீழே ஒரு வாளி வைத்திருக்கிறேன். நிறைந்தால் கொட்டிவிட்டு மறுபடி வைக்கிறேன்.

அம்மா ஒன்று எழுதச் சொன்னாள். அவள் சொன்னபடியே எழுதுகிறேன்: "கதவு இல்லன்னு அவனுக்குச் சொல்லிடு. வந்தான்னா கரை மேல ஏறி வரட்டும்."

எழுதிவிட்டேன். இதற்குமேல் என் பங்குக்குச் சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை.

அக்கா